நாட்பட்ட மூச்சிரைப்புக்கு மேனுவல் தெரபி: முதல் முறை போகிறவர்களுக்கு

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் மருந்துகளுக்கெல்லாம் கீழே ‘செஸ்ட் பிசியோ’ என்று ஒரு வரி இருக்கும். மாத்திரையும் இன்ஹேலரும் வாங்கிவிடுவோம். அந்தக் கடைசி வரியை என்ன செய்வது என்று தெரியாமல் பலர் சீட்டை மடித்து ஃபைலுக்குள் வைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்று மசாஜ் நிலையத்துக்கோ, தெருக்கோடியில் சுளுக்கு எடுப்பவரிடமோ போய் முதுகைக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த இரண்டு தரப்புக்காகவும்தான் எழுதுகிறேன். சென்னையில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். நெஞ்சு நோயாளிகளோடுதான் என் வேலை நாள் முழுக்கப் போகிறது.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேனுவல் தெரபி, அதாவது பிசியோ தன் கையால் தசையையும் மூட்டையும் இளக்கும் சிகிச்சை, கெட்டுப்போன நுரையீரலைச் சரிசெய்யாது. அதைச் சுற்றியிருக்கும் கூட்டைக் கொஞ்சம் இளக்கிக் கொடுக்கும். அந்த இளக்கத்தை வைத்துக்கொண்டு நோயாளி எழுந்து நடக்க வேண்டும். நடை இல்லாமல் வெறும் கை சிகிச்சை மட்டும் என்றால், போகிற வண்டிச் செலவுக்குக்கூட அது தாங்காது.

என்ன நோய் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

‘வீசிங்’, ‘இளைப்பு’, ‘ஆஸ்துமா மாதிரி’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். பிசியோவுக்கு அது போதாது. ஸ்பைரோமெட்ரி என்று ஒரு ஊதும் பரிசோதனை உண்டு. மூச்சை முழுக்க இழுத்து, குழாய்க்குள் ஒரே மூச்சில் பலமாக, வேகமாகக் கடைசிவரை ஊத வேண்டும். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், முதல் ஒரு விநாடியில் வெளியேறும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், காற்றுக்குழாய் அடைப்பு நிலைத்துவிட்டது என்று பொருள். அறிகுறிகளும் புகை பிடித்தது போன்ற காரணங்களும் சேர்ந்து பொருந்தினால் சி.ஓ.பி.டி. என்பார்கள்.

மூச்சிரைப்பு எல்லாமே சி.ஓ.பி.டி. ஆகிவிடாது. பழைய காசநோய் விட்டுப்போன தழும்பு, மூச்சுக்குழாய் விரிந்து சளி தேங்கும் பிராங்கியெக்டாசிஸ், நுரையீரல் இறுகிப்போகும் ஐ.எல்.டி. எல்லாவற்றிலும் மூச்சு வாங்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் கை வைக்கும் விதம் வேறு. சளி நிறைய வருகிறவருக்கு அதை வெளியே கொண்டுவருவதுதான் முதல் வேலை. வறண்ட இருமலோடு வருகிற ஐ.எல்.டி.காரரின் முதுகைத் தட்டுவதில் பயனே இல்லை. ‘சிகரெட் தொட்டதே இல்லையே’ என்று கேட்கும் பெண்மணிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பல வருஷம் விறகு அடுப்புப் புகையில் சமைத்ததும் பீடி, சிகரெட் போலவே இந்த நோய்க்குக் காரணம்.

சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய இடங்களில் நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கிறது. ஓட்டேரியிலும் தாம்பரம் சானடோரியத்திலும் நெஞ்சக நோய்க்கென்றே தனி அரசு மருத்துவமனைகள் உள்ளன. தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் வருகிறவர்கள் சானடோரியம் நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். அந்த நிறுத்தத்தின் பெயரே மருத்துவமனையால் வந்தது.

அந்த இடத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1928-இல் டாக்டர் சௌரி முத்து அந்தக் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கியபோது, நல்ல காற்றும் படுக்கை ஓய்வும்தான் நெஞ்சு நோய்க்கு மருந்து என்று உலகமே நம்பியது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் வீட்டில் இருந்தபடியே குணமாகலாம், மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கத் தேவையில்லை என்று காட்டியது. மெட்ராஸிலிருந்து உலகத்துக்குப் போன பாடம் அது. நோய் வேறு, காலம் வேறு. ஆனால் மூச்சு நோயாளி என்றால் படுத்தே இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. ‘அப்பாவை எழுந்திருக்கவே விடறதில்லை, எல்லாம் கட்டிலுக்கே கொண்டுபோய்க் குடுத்துடறோம்’ என்று மகள் பாசத்தோடு சொல்லும்போது எனக்குக் கவலைதான் வருகிறது.

கை எதைத் தொடுகிறது, எதைத் தொட முடியாது

சி.ஓ.பி.டி.யில் மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் பெரும்பாடு. குழாய் சுருங்கியிருப்பதால் காற்று முழுக்க வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. பழைய காற்று உள்ளேயே தேங்கி, நெஞ்சுக்கூடு எப்போதும் ஊதினபடியே நிற்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சை இழுக்கும் தசை உதரவிதானம். கவிழ்த்த கிண்ணம்போல மேலெழும்பி நிற்க வேண்டிய அது தட்டுபோலத் தட்டையாகிவிடுகிறது. தட்டையான தசைக்கு இழுக்க இடம் ஏது? அதன் வேலையைக் கழுத்துத் தசைகளும் தோள் தசைகளும் எடுத்துக்கொள்கின்றன. எப்போதாவது அவசரத்துக்கு உதவ வேண்டிய தசைகள் இவை. இராப்பகலாக உழைத்தால் என்ன ஆகும்? தோள் காதுவரை ஏறி நிற்கும், மேல்முதுகு கூனும், விலா எலும்புகள் முதுகெலும்போடு சேரும் மூட்டுகள் இறுகும். அப்புறம் ஒவ்வொரு மூச்சுக்கும் கூட்டையே தூக்க வேண்டிய பாரம்.

இந்த இறுக்கத்தில்தான் கை உதவும். கழுத்து, தோள், முன்மார்புத் தசைகள், விலா மூட்டுகள், மேல்முதுகு, விலாவின் கீழ்விளிம்பில் உதரவிதானம் ஒட்டியிருக்கும் இடம், இவ்வளவுதான் எல்லை. சுருங்கிப்போன குழாயும் சிதைந்துபோன காற்றறையும் கைக்கு எட்டாதவை. அவற்றை இன்ஹேலர்தான் பார்க்க வேண்டும். ‘பம்ப் பழகிடும்’ என்று பயந்து அதை நிறுத்திவிட்டுப் பிசியோவுக்கு வருகிறவர்களை நான் திருப்பி டாக்டரிடமே அனுப்புகிறேன்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? விலாவின் கீழே உதரவிதானத்தைக் கையால் இளக்கும் முறையை வயதான சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் சோதித்த சிறு ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. உதரவிதானத்தின் அசைவு கூடியது, மூச்சை இழுக்கும் அளவும் கூடியது. 2008-இல் வெளியான வேறோர் ஆய்வில், ஆஸ்டியோபதி (எலும்பு, தசைகளைக் கையால் அசைத்துச் செய்யும் வைத்தியம்) முறையில் ஒரே அமர்வில் பல உத்திகளைச் செய்தபோது, பிறகு எடுத்த அளவுகளில் நெஞ்சில் தேங்கிய காற்று கூடியிருந்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் ‘மூச்சு நன்றாக இருக்கிறது’ என்றே சொன்னார்கள். கருவி வேறு சொன்னது. அதனால்தான் ‘சார், கை வச்சதும் லேசா இருக்கு’ என்பதை நான் அளவுகோலாக எடுத்துக்கொள்வதில்லை. இதற்கு நேர்மாறாக, நடை, கால் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, நோயைப் பற்றிய பாடம் எல்லாம் சேர்ந்த நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியின் பலன் உறுதியானது. 2015-இல் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டுக் குழு, இது பயன் தருகிறதா என்று இனியும் சோதிக்கத் தேவையில்லை என்ற அளவுக்கு எழுதியது.

ஆக, பயிற்சிதான் பிரதானம், கை அதற்குத் துணை. இதை இப்படியே சொல்லும் பிசியோவைத் தேடுங்கள்.

யாரிடம் போவது

பிசியோதெரபியில் பி.பி.டி. (இளநிலை) அல்லது எம்.பி.டி. (முதுநிலை) பட்டம் படித்தவராக இருக்க வேண்டும். எம்.பி.டி.யில் இதயம்–நுரையீரல் பிரிவை எடுத்துப் படித்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. முட்டிவலி, இடுப்புவலி பார்க்கும் கிளினிக்குகள் சென்னையில் தெருவுக்கு ஒன்று உண்டு. அவர்களில் திறமையானவர்கள் பலர். ஆனால் நெஞ்சு நோயாளியைக் கையாண்ட பழக்கம் எல்லோருக்கும் இருக்காது. போன் செய்து நேரம் வாங்கும்போதே இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

சி.ஓ.பி.டி. நோயாளிகளை வழக்கமாகப் பார்க்கிறீர்களா? சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஆக்ஸிஜன் அளவு பார்ப்பீர்களா? படுக்க முடியாது என்றால் உட்கார்ந்தபடி செய்வீர்களா? நடைப் பயிற்சியும் சேர்த்துத் தருவீர்களா, கை சிகிச்சை மட்டும்தானா?

கடைசிக் கேள்விக்கு ‘மட்டும்தான்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். ‘பத்தே சிட்டிங்கில் இன்ஹேலரை விட்டுவிடலாம்’ என்று யாராவது சொன்னால் அங்கே போகவே வேண்டாம்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முதுகில் ‘டக்’ என்று சத்தம் வரும்படி எலும்பை உடைப்பதுபோல் அழுத்தும் முறை இப்போது வீடியோக்களில் பிரபலம். மூச்சு நோய்க்காக வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவரின் எலும்பு உள்ளுக்குள்ளேயே மெலிந்திருக்கும். அவர் பலமாக இருமினாலே விலா எலும்பு முறிகிற சாத்தியம் உண்டு. அப்படிப்பட்ட முதுகில் வேகமாக அழுத்துவது ஆபத்து. கிளினிக்கில் அப்படிச் செய்ய வந்தால் ‘வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கூட வந்தவரும் தயங்காமல் எழுந்து தடுக்கலாம். முதுகில் ஏறி மிதிப்பது, விலாவை இறுக்கிக் கட்டுவது, ஆள் இறுகப் பிடித்துத் தூக்கிக் குலுக்குவது எல்லாமே இதில் சேர்த்தி.

இப்போது வேண்டாம் என்ற நிலைகள்

சளியில் ரத்தம் வந்தால், காய்ச்சல் இருந்தால், சளி திடீரென்று பச்சையாகவோ அதிகமாகவோ மாறி மூச்சு முன்னைவிட வாங்கினால், முதலில் டாக்டர். நெஞ்சில் ஒரு பக்கம் திடீரென்று குத்தி மூச்சுத் திணறினால் நுரையீரலிலிருந்து காற்று வெளியே கசிந்திருக்கலாம். அது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலை. சி.டி. ஸ்கேனில் பெரிய ‘புல்லா’ (நுரையீரலில் காற்று நிரம்பிய கொப்புளம்) இருப்பதாக எழுதியிருந்தால் ரிப்போர்ட்டைப் பிசியோவிடம் கட்டாயம் காட்டுங்கள். காசநோய்க்கு இப்போதுதான் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார் என்றால், எப்போது வரலாம் என்று அந்த டாக்டரே சொல்லட்டும்.

சமீபத்தில் மாரடைப்பு, விலா முறிவு, நெஞ்சில் அறுவை சிகிச்சை, எலும்புக்குப் பரவிய புற்றுநோய் என்றால் நெஞ்சில் கை வைக்கும் சிகிச்சையை டாக்டர் அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், ஸ்டீராய்டால் தோல் மெலிந்து சும்மா தொட்டாலே நீலம் பாய்கிறவர்களுக்கும் செய்யலாம். ஆனால் அழுத்தம் மிக மென்மையாக இருக்க வேண்டும். இதையெல்லாம் அவர் கேட்பார் என்று காத்திருக்காமல் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

போகிற நாள்

காலை நேரம் வாங்குங்கள். பத்து மணிக்கு மேல் சென்னை வெயிலில் ஆட்டோ பிடித்து வந்து சேர்வதற்குள்ளேயே பாதித் தெம்பு போய்விடும். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நிறைந்த வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். ஆனால் வெறும் வயிற்றோடும் வர வேண்டாம், சர்க்கரை இருப்பவர்கள் கண்டிப்பாக வேண்டாம். இரண்டு இட்லி சாப்பிட்டு நேரம் விட்டு வந்தால் சரியாக இருக்கும்.

குழாயை விரிக்கும் இன்ஹேலர் டாக்டர் கொடுத்திருந்தால் கிளம்புவதற்கு முன்போ, சிகிச்சைக்குப் பதினைந்து இருபது நிமிஷம் முன்போ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு அப்படியே செய்யுங்கள். இன்ஹேலரோடு பொருத்தி உறிஞ்சும் குழாயான ஸ்பேசரையும் பையில் போடுங்கள். இன்ஹேலரைச் சரியாக உறிஞ்சுகிறீர்களா என்று பிசியோவிடமே ஒரு முறை செய்து காட்டலாம். வருஷக்கணக்காகப் பயன்படுத்துகிறவர்களில்கூட மருந்து நாக்கிலேயே தங்கிவிடுகிறவர்கள் நிறைய.

உடையில் ஆண்களுக்கு முன்புறம் பொத்தான் வைத்த தளர்ந்த சட்டை. பெண்களுக்குத் தளர்ந்த சுடிதார் அல்லது நைட்டியின் மேல் ஒரு துப்பட்டா. துணியின் மேலேயே பெரும்பாலானவற்றைச் செய்ய முடியும். பெண் பிசியோ வேண்டும் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. இறுக்கிக் கட்டிய புடவையும் இறுக்கமான பெல்ட்டும் மூச்சைக் கட்டிப்போடும். ஒரு விரலிலாவது நகப்பூச்சும் மருதாணியும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் ஆக்ஸிமீட்டர் சரியாகக் காட்ட உதவும். எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். கிளினிக் எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சு வாங்குகிறவரை மூன்று மாடி ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்தினால், முதல் அரை மணி ஆசுவாசப்படுத்துவதிலேயே போய்விடும்.

உள்ளே என்ன நடக்கும்

முதல் நாள் பாதி நேரம் பேச்சும் அளவும்தான். நாடித்துடிப்பு, ஆக்ஸிஜன், ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, எத்தனை படி ஏறினால் நிற்க வேண்டியிருக்கிறது என்று கேட்பார்கள். ஆறு நிமிஷ நடை பார்ப்பார்கள். 30 மீட்டர் வராந்தாவில் போகவும் வரவுமாக, உங்கள் வேகத்தில், நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இடம் இல்லாத கிளினிக்கில் ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை நாற்காலியில் உட்கார்ந்து எழ முடிகிறது என்று எண்ணுவார்கள். இந்த எண்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

கை வைக்கும் பகுதி எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பயம் இங்கேதான் அதிகம். பெரியவர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேத் பட்டறையில் வேலை பார்த்தவர், பீடியை நிறுத்தி வெகுநாளாகிறது. கட்டிலைப் பார்த்ததுமே, “படுக்கச் சொல்லாதே தம்பி, படுத்தா மூச்சு முட்டுது” என்பார். “படுக்க வேணாம் ஐயா, உக்காந்தபடியே பாத்துக்கலாம்” என்று நாற்காலியைத் திருப்பிப் போடுவேன். எதிரே கட்டில்மேல் இரண்டு தலையணை அடுக்கி, அதன்மேல் கைகளை மடித்துத் தலையைச் சாய்த்துக்கொள்ளச் சொல்வேன். முன்னால் சாய்ந்து கைக்குத் தாங்கல் கிடைத்ததுமே பாதிப் பேருக்கு மூச்சு அடங்கத் தொடங்கும். அது வரைக்கும் நான் தொடுவதே இல்லை.

பிறகு கழுத்தின் பக்கவாட்டில், காதுக்குப் பின்னாலிருந்து தோள் வரை விரல்களால் மெதுவாகப் பிடித்துவிடுவேன். விரலுக்கு அடியில் கயிறு கயிறாக நிற்கும் அந்தத் தசை, இரண்டு மூன்று நிமிஷத்தில் கொஞ்சம் அகலமாகி மிருதுவாகும். காரை எலும்புக்கு மேலே இருக்கும் குழியில் அழுத்தக் கூடாது, ரத்தக்குழாயும் நரம்பும் அங்கேதான் போகின்றன. அடுத்து தோள்பட்டை எலும்பை உள்ளங்கையில் ஏந்தி மேலும் கீழும் வட்டமாக நகர்த்துவேன். பல பேருக்கு அது முதலில் நகரவே நகராது. அப்புறம் மார்பு நடு எலும்பிலிருந்து கைக்குழி நோக்கி முன்மார்புத் தசையை நீட்டுவது.

விலாவுக்கு வரும்போது என் இரண்டு உள்ளங்கையும் விலாவின் இரு பக்கமும் விரிந்து நிற்கும். அவர் மூச்சை விடும்போது விலா கீழே, உள்ளே இறங்கும் திசையிலேயே என் கையும் லேசாகக் கூடவே போகும். அவர் இழுக்கத் தொடங்கியதும் கை விட்டுக்கொடுத்துவிடும். எவ்வளவு லேசாக? இந்த அழுத்தத்தில் அவர் தடையில்லாமல் பேச முடிய வேண்டும். மூச்சை அடக்கச் சொல்வதே கிடையாது. “உதட்டைக் குவிச்சு ஊதுங்க ஐயா, அவசரமே இல்லை” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். இழுக்க இரண்டு எண்ணிக்கை, விட நான்கு எண்ணிக்கை. உதரவிதானத்தை இளக்குவதென்றால், விலாவின் கீழ்விளிம்பில் விரல்களைப் படியவைத்து, மூச்சு இழுக்கும்போது விளிம்பை மெல்லத் தூக்கிக் கொடுத்து, விடும்போது விரல் கொஞ்சம் உள்ளே செல்லும். இது எல்லோருக்கும் ஒத்துவராது. வயிறு ஊதல், நெஞ்செரிச்சல் அதிகம் இருப்பவர்கள் தாங்கமாட்டார்கள், அவர்களுக்கு விட்டுவிடுவேன். வயிறு முன்னே எழும்பும்படி பெரிதாக இழுக்கச் சொல்லும் மூச்சுப் பயிற்சியும் அப்படித்தான். நெஞ்சு மிகவும் ஊதிப்போனவர்களுக்கு அது மூச்சுச் சிரமத்தைக் கூட்டும்.

மொத்தம் பதினைந்து இருபது நிமிஷம். வலிக்கக் கூடாது. தசையில் கொஞ்சம் ‘இழுக்கிற’ உணர்வு இருக்கலாம். தலைசுற்றல், நெஞ்சுவலி, படபடப்பு, உதடு நீலம் இவற்றில் எது வந்தாலும் உடனே கையை உயர்த்துங்கள். ஆக்ஸிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பிசியோவே நிறுத்திவிட வேண்டும். வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவர்கள் தாங்களாகவே அளவைத் திருகிக் கூட்டக் கூடாது. சி.ஓ.பி.டி. காரர்கள் சிலருக்கு அதிக ஆக்ஸிஜன் உடம்பில் கரியமில வாயுவைத் தேக்கிவிடும். மருத்துவமனையில் அவர்களுக்கு வழக்கமாக 88 முதல் 92 வரை போதும் என்று வைத்திருப்பதற்குக் காரணமும் அதுதான்.

முடிந்ததும் படுத்து ஓய்வெடுக்க அனுப்ப மாட்டேன். உடனே நடக்க வைப்பேன். கூடு இளகியிருக்கும் அந்த நேரத்தை நடைக்குத்தான் பயன்படுத்த வேண்டும். பெரியவர் முதலில் “இப்பத்தான் நல்லா இருக்கு, அதையும் கெடுக்கறியேப்பா” என்று சலித்துக்கொள்வார். வராந்தாவில் இரண்டு சுற்று நடந்துவிட்டு, முன்பு நிற்க வேண்டியிருந்த இடத்தைத் தாண்டி வந்துவிட்டதை அவரே கவனிப்பார்.

சளி இருப்பவர்களுக்கு

முதுகைக் குழிந்த கையால் தட்டுவதுதான் செஸ்ட் பிசியோ என்று பலர் நினைக்கிறார்கள். சளி நிறைய தேங்கும் பிராங்கியெக்டாசிஸ்காரருக்கு அது சில சமயம் உதவும். சளி அதிகம் இல்லாத சி.ஓ.பி.டி.யில் தேவையில்லை, சிலருக்குத் தட்டினால் வீசிங் கூடும், ஆக்ஸிஜன் இறங்கும். தலையைத் தாழ்த்திப் படுக்க வைக்கும் பழைய முறையும் மூச்சு வாங்குகிறவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் நெஞ்செரிச்சல்காரர்களுக்கும் ஆகாது.

இதைவிட நல்லது, நீங்களே செய்யக்கூடியது. சில மூச்சு அமைதியாக விடுங்கள். பிறகு மூன்று நான்கு முறை ஆழமாக இழுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று விநாடி நிறுத்தி விடுங்கள். மீண்டும் அமைதியான மூச்சு. அதன்பின் வாயை ‘ஹா’ என்று திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் ஒன்றிரண்டு முறை. சளி மேலே வந்தது தெரிந்தால் ஒரே இருமலில் துப்பிவிடுங்கள். பத்து முறை அடித்தொண்டையில் இருமிக் களைப்பதைவிட இந்த ‘ஹா’ நன்றாக வேலை செய்யும். முதல் தடவை பிசியோ எதிரில் கற்றுக்கொண்டு, பிறகு காலையிலும் மாலையிலும் வீட்டில் செய்யலாம்.

வீட்டில் மகளோ மருமகளோ என்ன செய்யலாம்

தலையணை அடுக்கிச் சாய்ந்து உட்கார வைத்து, தோளையும் மேல்முதுகையும் உள்ளங்கையால் மெதுவாக நீவிவிடலாம். ஐந்து பத்து நிமிஷம் போதும். விலாவை அமுக்குவது, வயிற்றுக்குள் விரல் விடுவது, கழுத்தைத் திருப்புவது மூன்றும் பிசியோவின் வேலை, வீட்டில் வேண்டாம். எண்ணெய் வேண்டுமென்றால் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ கொஞ்சம். கற்பூரம் காய்ச்சிய எண்ணெய், காட்டமான தைலம் இவற்றின் நெடியே சிலருக்கு இருமலைக் கிளப்பிவிடும். வேது பிடிப்பதில் ஆர்வம் உள்ள வீடுகளில், கொதிக்கும் பாத்திரத்தின்மேல் போர்வைக்குள் வயதானவரை உட்கார வைக்க வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் மூன்றையும் அந்த அறைக்கு வெளியே வையுங்கள். போகிக்கு முந்தின நாளே ஜன்னல் சாத்த ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அன்று விடியற்காலை தெருவில் டயரும் பாயும் எரியும், புகையும் பனியும் சேர்ந்து கீழேயே நிற்கும். அன்றைக்கு நடையும் வீட்டுக்குள்ளேதான். தீபாவளி இரவும் அப்படியே. இன்ஃப்ளூயன்சா, நிமோகாக்கல் தடுப்பூசிகளை மழைக்காலம் வருமுன் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

நடைக்குப் பூங்காவோ மொட்டை மாடியோ எதுவானாலும் சரி, மாடிக்கு ஏறும் படியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உட்கார பெஞ்ச் இருக்கும் பாதையாகப் பாருங்கள். நடக்கும்போது பேச முடிந்தாலும் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிற அளவு சிரமம் வரலாம், அது பயிற்சிக்குத் தேவையான சிரமம்தான். பேசவே முடியாமல் சொல்லுக்குச் சொல் திணறினால் நில்லுங்கள், சுவரிலோ முழங்காலிலோ கையை ஊன்றி முன்னால் சாய்ந்து உதட்டைக் குவித்து ஊதுங்கள்.

எத்தனை நாள், எப்போது நிறுத்துவது

வாரம் இரண்டு முறை, எட்டு வாரம் என்பது மறுவாழ்வுப் பயிற்சிக்கு வழக்கமான கணக்கு. நடுவில் உள்ள நாட்களில் வீட்டு நடை. கை சிகிச்சை அந்த எட்டு வாரமும் தேவைப்படாது. முதல் சில வாரத்திலேயே கழுத்தும் தோளும் இளகிவிட்டால், மீதி நேரத்தைப் பயிற்சிக்கே கொடுக்கச் சொல்லுங்கள். நான்காவது வாரத்தில் முதல் நாள் எழுதி வைத்த எண்களை எடுத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஆறு நிமிஷ நடை சுமார் 30 மீட்டர் கூடியிருந்தாலோ, ஒரு நிமிஷ உட்கார்ந்து எழுதல் மூன்று தடவை கூடியிருந்தாலோ நல்ல முன்னேற்றம். எட்டு வாரம் முடிந்தும் எண் அசையவில்லை என்றால் இன்னொரு ‘பேக்கேஜ்’ வாங்குவதற்கு முன் டாக்டரைப் பார்த்து, இதயம், ரத்தசோகை, இன்ஹேலர் உறிஞ்சும் விதம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டை விட்டு இறங்கவே முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சை உண்டு. உங்கள் பகுதி மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைக் கொடுத்து, நெஞ்சு நோயாளி என்று தெளிவாகச் சொல்லிப் பதியுங்கள். வரும் பிசியோவிடம் மேலே சொன்ன அதே ஃபைலைக் காட்டுங்கள், அதே கேள்விகளைக் கேளுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே பேச முடியாத அளவுக்கு மூச்சுத் திணறல், உதடு நீலம், குழப்பமான பேச்சு அல்லது எழுப்பினாலும் எழாத தூக்கம் என்றால் பிசியோவுக்குப் போன் செய்து நேரத்தைக் கழிக்காதீர்கள், நேராக 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நோயாளியைப் படுக்க வைக்காமல், தலையணையில் முன்சாய்ந்து உட்கார வைத்து, டாக்டர் சொல்லியிருக்கும் இன்ஹேலரை ஸ்பேசர் வழியாகக் கொடுங்கள். ரிப்போர்ட் ஃபைல் கையில் இருக்கட்டும்.